கட்டிச் சுண்ணாம்பா, 'வாடை இல்லாத' பெயின்டா?

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுண் பக்கம் பெயின்ட் கடைக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது 'வாடையே வராது' என்ற எமல்ஷன் வாளியைத்தான். மூட்டையில் கிடக்கும் கட்டிச் சுண்ணாம்புக்கு இப்போது மவுசு இல்லை. ஆனாலும் படுக்கையறைச் சுவருக்கு எங்கள் ஓட்டு சுண்ணாம்புக்கே. அதில் ஆவியாகிற கரைப்பான் கிடையாது, பூஞ்சை மருந்தும் கிடையாது. அதன் காரமே பூஞ்சையை அண்டவிடாது. சுண்ணாம்பில் நுண்துவாரமும் உண்டு. பழைய மட்டப்பா வீடுகளில் காரைச் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விட்டது அதனால்தான்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். காற்றுப் பட்டு மாவாக உதிர்ந்திருந்தால் வீரியம் போய்விட்டது. நெல்லிக்காய் அளவு கட்டியை ஒரு எவர்சில்வர் தம்ளர் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும்: சில நிமிடத்தில் சீறி, வெடித்து, வெண்ணெய் மாதிரி குழைந்தால் நல்ல சரக்கு. அரை மணி கழித்தும் அடியில் கல்லாகக் கிடப்பது சூளையில் பதமாக வேகாதது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் விட வேண்டாம், வெண்மை கூடுதல்.

நீற்றுவதற்கு, அதாவது கட்டியைத் தண்ணீரில் போட்டுக் குழைய விடுவதற்கு, இரும்பு டிரம்தான் சரி. சூட்டில் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். முதலில் தண்ணீர், பிறகு கட்டி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டி மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் கையாளை வேலையில் இறக்காதீர்கள். கிலோவுக்கு 5 லிட்டர் கணக்கு. குறைந்தது 24 மணி நேரம் ஊறணும், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. பழைய வேட்டியில் வடித்தே அடிக்க வேண்டும். குறுணை நின்றால் சுவரில் கோடு கோடாக இழுக்கும். காரைப் பூச்சு வேலையில் அதே குறுணை பிறகு நீறி, அம்மை போட்ட மாதிரி கொப்புளிக்கும்.

சுவரை நனைத்துவிட்டு, பால் பதத்தில் மெல்லிசாக மூன்று கை. 'கையில் ஒட்டுது' என்ற புகாருக்குப் பாதிக் காரணம் நம்ம ஊர் ஆனி, ஆடிக் காற்று. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான். அதற்கு ஈரம் வேண்டும். காற்று அரை மணியில் உலர்த்திவிட்டால் சுவரில் நிற்பது வெறும் மாவு. வெயில் ஏறுமுன் அடித்து, மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கரைத்தால் பொரிந்து உதிரும். ஒட்டுவதற்கென்று பசையை அள்ளி ஊற்றுவதும் வீண் வேலை: துவாரம் அடைபட்டால் சுண்ணாம்பு அடித்ததற்கே அர்த்தமில்லை.

ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் இது நிற்காது, உரிந்து வரும். அடுப்படியில் இதன் மேல் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவினால் போகாது. அங்கே எமல்ஷன்தான். டப்பாவில் வி.ஓ.சி. (ஆவியாகிற கரிமப் பொருள்) அளவு லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாடை இல்லை என்பது அதற்குச் சாட்சி ஆகாது. கடையில் மெஷின் வைத்துக் கலக்கும் அடர்நிறச் சாயமும் அந்த அளவைக் கூட்டலாம். வெளிர் நிறமே உத்தமம்.

சுவருக்கு இவ்வளவு பார்த்துவிட்டு அலமாரியில் கோட்டை விடுவார்கள். மலிவான கமர்ஷியல் பிளைவுட்டில் யூரியா பார்மால்டிஹைடு பசை; புது பீரோவைத் திறந்ததும் கண் எரிவது அதனால்தான். ஐ.எஸ். 710 மரைன் பிளை, இல்லையென்றால் இ0, இ1 (E0, E1: பார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் தரம்) என்று குறித்த பலகை கேளுங்கள். அறுத்த ஓரங்களையும் உள்பக்கத்தையும் லேமினேட் ஒட்டி மூடச் சொல்லுங்கள். ஆசாரி அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்.

பழைய வீட்டுக் கதவு, ஜன்னலில் எனாமல் இருந்தால் உலர்ந்த தேய்ப்பு வேண்டாம், ஈயத் தூசு பறக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்கில் எவ்வளவு இருக்குமோ. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து மூட்டை கட்டுங்கள். பிள்ளைகள் அன்றைக்கு ஆச்சி வீட்டில் இருக்கட்டும்.