லேபிள் மேல் ஒரு ஸ்டிக்கர்: ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் என்று சொல்லி வேறு சிப்பை விற்கிறார்கள்

ரவுட்டரில் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் அடிப்படையிலான திறந்த மென்பொருள்தான் ஓபன்டபிள்யூஆர்டி. அதைப் போடுவதற்காக வைஃபை 6 ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெட்டியில் நீங்கள் கேட்ட மாடல் பெயர்தான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு சிப். அது தெரிந்தே, வெர்ஷன் எண்ணை மறைத்து அனுப்புகிறார்கள்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு. கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியிலேயே வைஃபை வரும், வேகமும் குறைவில்லை. ஆனால் யாராவது ஃபோனிலிருந்து வீடியோக்களை ஏற்ற ஆரம்பித்தால் போதும், பக்கத்து அறையில் மனைவியின் ஆபீஸ் மீட்டிங் திக்கித் திணறும். அப்லோடு வரிசை நிரம்பிப்போய், மற்றவை எல்லாம் அதன் பின்னால் காத்துக் கிடப்பதுதான் காரணம். ஓபன்டபிள்யூஆர்டியில் உள்ள எஸ்க்யூஎம் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி), அதிலும் 'கேக்' என்ற வரிசை முறை, இந்தத் தொல்லையை நன்றாகவே தீர்க்கும். அதோடு, தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும் என்பது எனக்கு முக்கியம்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று வாங்கவில்லை. ஓபன்டபிள்யூஆர்டியின் ஹார்டுவேர் பட்டியலில் தேடி, நான் நினைத்திருந்த மாடலில் வெர்ஷன் 1 மட்டும் ஆதரிக்கப்படுகிறது என்பதைப் பார்த்து வைத்திருந்தேன். மீடியாடெக் ஃபிலாஜிக் 820 சிப், 256 எம்பி ராம், 128 எம்பி ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் நினைவகம்). ஆன்லைனில் ஒரு விற்பனையாளரின் பக்கத்தில் வெர்ஷன் 1 லேபிள் தெளிவாகத் தெரியும் படமும், 'ஓபன்டபிள்யூஆர்டி சப்போர்ட் உண்டு' என்ற வரியும் இருந்தன. இருந்தாலும் சாட்டில் கேட்டேன். "வெர்ஷன் 1 மட்டும்தான் சார், நம்பி வாங்குங்க" என்று பதில் வந்தது. 6,000 ரூபாய்க்குச் சற்று மேல் கட்டினேன்.

பார்சல் வந்தது. ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்க லேபிளின் வலது ஓரத்தில் விற்பனையாளரின் பார்கோடு ஸ்டிக்கர். மாடல் பெயர் தெரிகிறது, மேக் முகவரி தெரிகிறது, சீரியல் எண் தெரிகிறது. வெர்ஷன் எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் ஸ்டிக்கருக்கு அடியில். கரண்ட் கொடுத்து, அதனுடைய சொந்த நிர்வாகப் பக்கத்தைத் திறந்து ஸ்டேட்டஸ் பகுதிக்குப் போனேன். ஹார்டுவேர் வெர்ஷன் 2.0 என்றிருந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெம்பினேன். அடியில் அதே 2.0. ஸ்டிக்கர் இருந்த நிலையிலும் பிரித்த பிறகும் இரண்டு நிலையிலும் படம் எடுத்து வைத்தேன். பின்னால் எனக்குக் கை கொடுத்தது அந்தப் படங்களும் சாட் ஸ்க்ரீன்ஷாட்டும்தான்.

வெர்ஷன் மாறினால் என்ன, புதியது நல்லதுதானே என்று கேட்கலாம். ஓபன்டபிள்யூஆர்டிக்கு மாடல் பெயர் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே எந்த சிப், எவ்வளவு ஃபிளாஷ், பூட்லோடர் (ரவுட்டரை முதலில் எழுப்பும் சிறு நிரல்) எப்படி என்பதுதான் எல்லாம். வெர்ஷன் 2-இல் மீடியாடெக்கை எடுத்துவிட்டு பிராட்காம் சிப் வைத்திருந்தார்கள். ரவுட்டர்களில் வரும் பிராட்காம் வைஃபை 6 சிப்களுக்குத் திறந்த டிரைவர், அதாவது மூல நிரல் வெளியான இயக்கி, கிடையாது. அதனால் அந்தப் பெட்டியில் ஓபன்டபிள்யூஆர்டியைக் கொண்டு வைஃபை நடத்த வழியே இல்லை. இன்னும் சில மாதம் பொறுத்தால் வந்துவிடும் என்ற கதை இல்லை இது.

ஒரே மாடல் பெயரில் உள்ளே இருப்பதை மாற்றும் பழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. ஓபன்டபிள்யூஆர்டி என்ற பெயரே லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரிலிருந்து வந்தது. 2003-இல் அதன் லினக்ஸ் மூல நிரல் வெளியானதும், பலர் அதில் சொந்த ஃபர்ம்வேர் (ரவுட்டரை நடத்தும் மென்பொருள்) போடத் தொடங்கினார்கள். 2005-இல் வந்த ஐந்தாவது வெர்ஷனில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தை வைத்தார்கள். ஃபிளாஷ் 4 எம்பியிலிருந்து 2 ஆனது, ராம் 16-இலிருந்து 8 ஆனது. வெளித்தோற்றம் அதே நீலமும் கறுப்பும். ஆனால் லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனிப் பெயரிலேயே ஒன்றையும் அப்போது விற்றார்கள். தயாரிப்பாளர் உதிரிகளை மாற்றுவது அவர் உரிமை. லேபிளில் வெர்ஷன் எண் போட்டு வாங்குபவருக்குச் சொல்கிறாரே, அந்த எண்ணை ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் அது ஏமாற்று.

விற்பனையாளரிடம் கேட்டதும் முதலில் வந்த பதில் எனக்குக் கோபத்தை விடப் பயத்தையே தந்தது. "வெர்ஷன் 1 ஃபைலையே போடுங்க சார், எல்லாம் ஒண்ணுதான். அந்தப் பக்கம் ஏத்துக்கலைன்னா டிஎஃப்டிபி வழியா தள்ளிடுங்க." டிஎஃப்டிபி என்பது நிர்வாகப் பக்கத்தைத் தாண்டி ஃபைலை ரவுட்டருக்குள் அனுப்பும் வழி. தயவுசெய்து இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வேறு சிப்புக்கான இமேஜை (ஃபர்ம்வேர் ஃபைலை) எழுதினால் ரவுட்டர் எழாது. பூட்லோடரும் சேர்ந்து அழிந்துவிட்டால், ரவுட்டரின் போர்டில் நேரடியாக இணைக்கும் சீரியல் கேபிள் வைத்திருப்பவருக்குக்கூட அதை மீட்பது பெரும்பாடு. ஃபர்ம்வேர் ஏற்றும் பக்கம் ஒரு இமேஜை மறுத்தால், பெரும்பாலும் உங்களைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது. அப்படிச் செய்து செயலிழந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், பழி முழுவதும் உங்கள் மேல்தான் விழும்.

அது எடுபடவில்லை என்றதும் அடுத்த சாக்கு: "கம்பெனி ஃபர்ம்வேரே ஓபன்டபிள்யூஆர்டி பேஸ்டுதான் சார்." இந்த வரியில் பலர் விழுகிறார்கள். சிப் தயாரிப்பாளர்கள் ரவுட்டர் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் மென்பொருள் தொகுப்புகள் பலவும் பழைய ஓபன்டபிள்யூஆர்டி ஒன்றை எடுத்து, மூடிய வைஃபை டிரைவர்களைச் சேர்த்துக் கட்டியவைதான். குவால்காமின் தொகுப்பும் அப்படித்தான். அதனால் நமக்கு என்ன பயன்? அதில் ஓபன்டபிள்யூஆர்டி திட்டத்தின் அப்டேட்டுகள் வராது, அதன் கூடுதல் மென்பொருள்களை நிறுவ முடியும் என்ற உறுதியும் இல்லை. 'பேஸ்டு' என்பது வேறு, 'சப்போர்ட்டடு' என்பது வேறு.

திருப்பி எடுக்கச் சொன்னால், விற்பனைத் தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஒரே கேள்வி: "வைஃபை வருதா சார்?" வருகிறது. "அப்ப பழுது இல்லையே." மாற்றுப் பொருள் மட்டும் தரலாம் என்றார்கள். மாற்றாக வந்ததும் வெர்ஷன் 2, அதே இடத்தில் அதே ஸ்டிக்கர். கை தவறி ஒட்டியது என்று சொல்ல அதற்கு மேல் இடமில்லை.

இங்கே ஒரு சட்ட விவரம் தெரிந்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அல்லது ஒப்புக்கொண்ட தன்மை பொருளில் இல்லை என்றால், விற்பனையாளர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. பழுதாக இருந்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு, படங்களை இணைத்து, அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகார் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. முழுப் பணமும் திரும்ப வந்தது.

அப்புறம் எதைத்தான் வாங்குவது? முதலில் சிப்பைப் பாருங்கள். மீடியாடெக் ஃபிலாஜிக் 820, 830 இரண்டும் இப்போதைக்கு நிம்மதியான தேர்வு. அவற்றின் எம்டி76 டிரைவர் திறந்தது, மீடியாடெக்கின் சொந்தப் பொறியாளர்களே அதற்குப் பங்களிக்கிறார்கள். குவால்காமில் ஐபிக்யூ807எக்ஸ் வரிசைக்கு ஓபன்டபிள்யூஆர்டியின் 23.05 வெளியீட்டிலிருந்து ஆதரவு உண்டு. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துதான் சொல்ல முடியும். ஃபிளாஷ் 16 எம்பி என்றால் இன்று நிறுவலாம், ஆனால் நாலு கூடுதல் மென்பொருள் சேர்த்தால் இடம் தட்டும். 128 எம்பி இருந்தால் கவலை இல்லை. ராம் 256-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நிலையான வெளியீட்டில் ஆதரவா, சோதனைப் பதிப்பில் மட்டுமா என்று பாருங்கள். நிறுவும் முறையையும் படியுங்கள். சில மாடல்களில் நிர்வாகப் பக்கத்தில் ஃபைலை ஏற்றினால் முடிந்தது. சிலவற்றில் ஃபர்ம்வேரில் உள்ள ஓட்டை வழியாக நுழைய வேண்டும், அந்த ஓட்டையைக் கம்பெனி அடுத்த அப்டேட்டில் அடைத்துவிடும்.

வெர்ஷன் தலைவலியே வேண்டாம் என்றால் 'ஓபன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற ரவுட்டர் இருக்கிறது. திட்டத்தினரே வடிவமைத்து, பனானா பை என்ற நிறுவனம் தயாரித்து, 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஃபிலாஜிக் 820, 1 ஜிபி ராம். மீட்புக்கென்று தனி ஃபிளாஷ், அதற்கு மாற ஒரு ஸ்விட்ச் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு லேன் போர்ட்தான், அது குறை. வைஃபை 7-க்கு அவசரப்பட வேண்டாம். 24.10 வெளியீட்டில்கூட அதற்கான ஆதரவு ஆரம்ப நிலையில்தான் இருந்தது.

எந்தக் கடையில் வாங்கினாலும் அடிப்பக்க லேபிளின் படத்தை, உங்களுக்கு வரப்போகும் அதே பெட்டியின் படத்தை, அனுப்பச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். லேபிள் மேல் எந்த ஸ்டிக்கர் இருந்தாலும், பிரிக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

அந்த விற்பனைப் பக்கம் என் புகாருக்குப் பிறகு காணாமல் போனது. இப்போது வேறு கடைப் பெயரில், அதே வெர்ஷன் 1 லேபிள் படத்தோடு, அதே 'ஓபன்டபிள்யூஆர்டி சப்போர்ட் உண்டு' வரியோடு, முன்பை விடக் குறைந்த விலையில் மீண்டும் வந்திருக்கிறது. அதன் மேலும் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.