நீதிபதி மீதே புகார் என்றால்? குன்னூரில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு மாடி அறையில் போன மாதம் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தேன். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உறுப்பினர்களுக்கானது. கட்டணம் 600 ரூபாய், மதியச் சாப்பாடும் சேர்த்து. நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. வந்தவர்களில் சிலர் இன்னும் நீதிமன்றப் பணியில் இருக்கிறார்கள். யார் யார் வந்தார்கள் என்று விசாரித்துப் போக யாருக்கும் வழி விட வேண்டாம்.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியராக, ஓய்வு பெற்றவள். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் குழுவில் வெளி உறுப்பினர். நீதிபதிகள் மீதான புகாருக்கென்றே அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள் என்பதால்தான் இந்த வகுப்புக்குப் போனேன்.

கோவையிலிருந்து வந்த வழக்கறிஞர் அம்மா, வந்ததும் ஆளுக்கொரு பழுப்பு உறையைக் கொடுத்தார். “நீங்க மாவட்ட நீதிமன்றத்துல ஸ்டெனோ. உங்க நீதிபதி மேலயே புகார். உறை மேல பெறுநர் முகவரி எழுதுங்க.” அவ்வளவுதான் சொன்னார். 22 பேர் எழுதினோம். நான் உயர் நீதிமன்றப் பதிவாளர் என்று எழுதி, கீழே கை தானாக ‘உரிய வழியாக’ என்று சேர்த்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம். விடுப்போ, முன்பணமோ, ஊதிய உயர்வோ, எதுவானாலும் அப்படித்தான் அனுப்புவோம். பாதிப் பேருக்கு மேல் அதையேதான் எழுதியிருந்தார்கள். அவர் என் உறையை எடுத்து, அது போகும் பாதையைப் பலகையில் வரைந்தார். பெஞ்ச் கிளார்க், சிரஸ்தார், அப்புறம் அதே நீதிபதியின் மேசை. அறையில் யாரும் பேசவில்லை.

மாவட்ட நீதித்துறை அரசியலமைப்பின் 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனால் இந்தப் புகார் நடுவில் எந்த மேசையையும் தொடாமல் நேரே அங்கே போக வேண்டும் என்று விளக்கினார். அடுத்து, பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளில் 8-ஆம் விதியை எடுத்தார். புகார் கொடுத்தவர் எழுத்தில் கேட்டால், விசாரணை முடியும்வரை அவருடைய வேலையை மதிப்பிடுவதும் ரகசிய அறிக்கை எழுதுவதும் எதிர்த்தரப்பு அதிகாரியிடம் இருக்கக் கூடாது, வேறு ஒருவரிடம் கொடுங்கள் என்று குழு பரிந்துரைக்கலாம். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1994-இல் சமவெளியில் ஒரு ஊரில் வேலை பார்த்தேன். என்னோடு இருந்த ஸ்டெனோவை விடுமுறை நாளில் டிக்டேஷன் என்று பங்களாவுக்கு வரச் சொன்னார்கள். ஒரு முறை போனாள். மறுமுறை போகவில்லை. சிரஸ்தாரிடம் அழுதாள். “அய்யா சொன்னா போய்ட்டு வாம்மா” என்றார் அவர். அடுத்த மாதமே அவளுக்கு மாறுதல், குழந்தையை விட்டு அறுபது கிலோமீட்டர் தள்ளி. அந்த உத்தரவை டைப் அடித்தது நான்தான். மூன்று கார்பன் வைத்து, ‘நிர்வாக நலன் கருதி’ என்று அடித்தேன். கடைசி நகலில் எழுத்து மங்கலாக விழுந்திருந்தது. அதைத்தான் அவளிடம் கொடுத்தார்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் முதன்முதலில் நெறிமுறை வகுத்த விசாகா தீர்ப்புகூட அன்றைக்கு வரவில்லை. அது 1997 ஆகஸ்டில்தான் வந்தது.

மத்தியப் பிரதேச வழக்கை விரிவாக எடுத்தது வகுப்பின் சிறந்த பகுதி. குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த பெண் ஒருவர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது புகார் சொன்னார். மகள் பள்ளிப் படிப்பின் நடுவில் இருக்கும்போது தூரத்தில் இருக்கும் சிதி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 2014 ஜூலையில் வேலையை விட்டார். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாருக்கு நீதித்துறைக்குள், 1999-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உள்ளக நடைமுறை உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதி மீதான புகாரை ஆழமாக விசாரிக்க வேண்டும் என்று தோன்றினால், வேறு உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள் இருவரும் நீதிபதி ஒருவருமாக மூவர் குழு அமைப்பார்கள். குவாலியர் விஷயத்தில் அந்த முறைப்படி நடக்கவில்லை என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, சாட்சிகள் பயமில்லாமல் பேச வேண்டுமானால் அந்த நீதிபதியிடமிருந்து நிர்வாக, மேற்பார்வை அதிகாரத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது.

அப்புறம் நடந்ததையும் வழக்கறிஞர் அம்மா மறைக்காமல் சொன்னார். அந்த நீதிபதியைப் பதவி நீக்கக் கோரி மாநிலங்களவை உறுப்பினர்கள் கொடுத்த தீர்மானத்தின் பேரில் அமைந்த விசாரணைக் குழு, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று 2017-இல் முடிவு சொன்னது. ஆனாலும் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெண் தானாக விரும்பிக் கொடுத்த ராஜினாமா அல்ல இது என்று அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததற்கே 600 ரூபாய் தகும். நிரூபணம் ஆகாத புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது. சட்டத்தின் 14-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. விசாரணை முடியும் முன்பே மாறுதல் உத்தரவு பறந்தால் அங்கே நியாயம் இல்லை, முடிவு எப்படி வந்தாலும்.

2019-ஐப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அன்றைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் புகார் சொன்னார். கோகோய் மறுத்தார். ஏப்ரல் 20, சனிக்கிழமை கூடிய சிறப்பு அமர்வில் அவரே உட்கார்ந்தார். அதை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் குழு, புகாரில் சாரமில்லை என்றது. வழக்கறிஞரைக் கூட வைத்துக்கொள்ள விடவில்லை என்று அந்தப் பெண் நடுவிலேயே விலகியிருந்தார். அறிக்கை வெளியாகவில்லை. இதற்கு ஒரு மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும். மூடிவைத்த அறிக்கையால் புகார் சொன்னவருக்கும் பதில் கிடைக்காது, குற்றம் சாட்டப்பட்டவர் மேல் விழுந்த சந்தேகமும் போகாது.

எதிர்த்தரப்பின் உரிமை பற்றிய பகுதியும் குறைவுதான். புகாரின் நகல் ஏழு வேலை நாளில் அவருக்குப் போக வேண்டும், பதில் சொல்லப் பத்து வேலை நாள் உண்டு, இருதரப்பும் இந்தக் குழுவின் முன் வழக்கறிஞரைக் கூட்டி வர முடியாது. இவற்றைப் படித்துக் காட்டியதோடு சரி. பயிற்சிக்காக ஒரு கற்பனைப் புகாரைக் கொடுத்து எங்களை விசாரிக்கச் சொல்லியிருந்தால் எங்கள் கையும் பழகியிருக்கும்.

பெரிய குறை, கொடுத்த குறிப்பேடு முழுக்க ஆங்கிலம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிற்சாலைப் பெண், இலை பறிக்கும் கைக்குப் பழக்கமில்லாத பேனாவைப் பிடித்து, சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். மதியம் சோறும் அவரைக் குழம்பும் நன்றாக இருந்தன, ஆனால் அவர் சாப்பிடும்போதும் என் குறிப்பைப் பார்த்து விட்டதை நிரப்பினார். இளம் வழக்கறிஞர் ஒருத்தி, ஊட்டி புது நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களின் கழிப்பறைப் பிரச்சினையே 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே, இதை யார் கேட்பார்கள் என்றாள். வழக்கறிஞர்களும் வழக்குக்கு வரும் பெண்களும் எங்கே புகார் கொடுப்பது என்பதற்கு அன்று தெளிவான பதில் வரவில்லை.

நீதிமன்ற ஊழியர்கள், குமாஸ்தாக்கள், குழு உறுப்பினர்கள் அவசியம் போகலாம். காலை ஒன்பதே முக்காலுக்கே போய்விடுங்கள், உறைப் பயிற்சியைத் தவறவிடக் கூடாது. அடுத்த வகுப்பு ஜனவரியில், தமிழ்க் குறிப்பேட்டோடு என்று சொல்லியிருக்கிறார்கள். என் பழைய தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மேட்டுப்பாளையம் வரை வந்துவிடுவதாகவும், மலை ஏற நான் கூட வர வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டு இடம் பதிந்து வைத்திருக்கிறேன்.