புதுச்சேரியில் இசைக்கு இடம்: மொட்டை மாடியா, மூடிய ஹாலா?

ஒயிட் டவுன் பக்கம் நேரடி இசை நடத்த நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது மொட்டை மாடியைத்தான். கடல்காற்று, விளக்கு வெளிச்சம், வருகிறவர்களே எடுத்துப் போடும் ரீல்ஸ் என்று பாதி விளம்பரம் தானாக நடந்துவிடும். ஆனால் ஒலி மாசு விதிகள், 2000 படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, அதற்கு முன்பும் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல்தான், ஒரு டிரம்ஸ் செட் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த மாலையையும் நம்ப முடியாது.

ஹாலில் செலவு அதிகம். ஏசி, எதிரொலியை அடக்கக் கனமான திரை, கார்பெட், கதவிடுக்கில் ரப்பர். ஆனால் அரங்கம் மாதிரி மூடிய இடங்களுக்கு அந்தப் 10 மணித் தடையில் விலக்கு உண்டு, சத்தம் வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்குப் பெரிய வித்தியாசம் கூட்டத்தில்தான். மாடிக்கு வருகிறவர்கள் சாப்பிட, பேச வருகிறார்கள், பாடகர் பின்னணி ஆகிவிடுகிறார். ஹாலுக்கு டிக்கெட் வாங்கி வருகிறவர் கேட்கவே வருகிறார்.

வார இறுதிச் சுற்றுலாக் கூட்டத்தை மட்டும் நம்பினால் மாடி போதும். ஆண்டு முழுக்க உள்ளூர் ரசிகர்கள் வேண்டுமென்றால் ஹால்தான், மாதாமாதம் அதே கிழமை, அதே நேரம், வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் முன்பே தகவல். மாடியை ஜூன் 21 உலக இசை நாளுக்கு, ஒரு கிட்டாரும் குரலுமாக, வைத்துக்கொள்ளலாம்.