பாத்திரத்தில் பெயர் வெட்ட 20 வாட் பைபர் லேசர்: கும்பகோணம் கடைக்குத் தேறுமா?

எவர்சில்வர் தூக்கு, பித்தளைக் குடம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என எல்லாச் சீர்வரிசைச் சாமானுக்கும் இந்த பல்ஸ் லேசர் மிஷின் போதும். வெறும் 20 வாட் என்று தயங்க வேண்டாம். 20 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 20,000 பல்ஸ் (ஒளித் துடிப்பு) விடும்போது, ஒரு பல்ஸுக்கு 1 மில்லிஜூல். அது 100 நானோசெகண்டில் இறங்குவதால் அந்தக் கணத்துக்கு 10 கிலோவாட். 50 மைக்ரான் புள்ளியில் விழும்போது உலோகம் உருகி, ஆவியாகி, அந்த ஆவியே மின்னேற்றம் பெற்ற வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாகிவிடும்.

பித்தளையில் நீலமும் பச்சையும் கலந்த பொறி பறக்கும், கூடவே ‘சர்ர்’ரென்று கூரான சத்தம். சத்தம் எங்கே உச்சமோ அங்கேதான் ஃபோகஸ். 160 மி.மீ. குவியத் தூர லென்ஸில் குடத்தின் வளைவு 2 மி.மீ. விலகினாலே சத்தமும் எழுத்தும் சேர்ந்து மங்கும். ரோட்டரி (குடத்தைச் சுழற்றிக் கொடுக்கும் கருவி) இல்லாமல் குடத்தில் கை வைக்காதீர்கள்.

ஆழம் வேண்டுமென்று வேகத்தைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. பல்ஸின் முன்பகுதி கிளப்பிய பிளாஸ்மா, பின்பகுதி ஒளியில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். நொடிக்கு 500 மி.மீ. வைத்தால் 25 மைக்ரானுக்கு ஒரு பல்ஸ் விழும், விளிம்பு சுத்தமாக நிற்கும். 100 மி.மீ. வைத்தால் ஒரே இடத்தில் பத்து பல்ஸ், சூடு தேங்கிவிடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். செம்புக்கு 2,562 டிகிரி வேண்டும். துத்தநாகம் முந்திக் கிளம்பி, உருகிய செம்பைத் தள்ளிப் பிசிறாக்கிவிடும். வேகத்தைத் தொடாமல் நாலைந்து தடவை ஓட்டுங்கள்.

எழுத்தைச் சுற்றிப் படியும் வெள்ளைப் பொடி துத்தநாக ஆக்சைடு. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரலாம். புகை உறிஞ்சும் குழாய் எழுத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

எவர்சில்வரில் ‘நல்லா கருப்பா வேணும்’ என்று கேட்பார்கள். நொடிக்கு விழும் பல்ஸ் எண்ணிக்கையை ஏற்றினால் ஒவ்வொரு பல்ஸின் சக்தியும் குறையும். பிளாஸ்மா எழாமல் மேல்பரப்பு வெந்து கருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் சூட்டில் துருவைத் தடுக்கும் குரோமியக் காப்புப் படலம் கெட்டு, தினம் தண்ணீரில் புழங்கும் பாத்திரத்தில் எழுத்தோரம் துரு பிடிக்கும்.

தட்டையான பித்தளைத் தட்டை லென்ஸுக்கு நேர் கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். திரும்பும் ஒளி லேசர் மூலத்தையே கெடுக்கும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையைச் சுட்டுவிடும். திறந்த மாடலைக் கல்லாவுக்கு அருகே, குழந்தைகள் எட்டிப் பார்க்கும் இடத்தில், வைக்கவே கூடாது. மூடியுள்ள மாடலையே வாங்குங்கள்.