வின்செஸ்டர் 1866: கீறலைத் தேய்த்து எடுப்பதா, மெழுகிட்டு விடுவதா?

பழைய அமெரிக்கத் துப்பாக்கியான வின்செஸ்டர் 1866-க்கு 'யெல்லோ பாய்' என்ற பெயர் வந்ததே அதன் மஞ்சள் உடற்பகுதியால்தான். பலரும் பித்தளை என்று சொல்லும் அந்த கன்மெட்டல் (செம்பில் வெள்ளீயம் கலந்த உலோகம்) எஃகைவிட மென்மையானது. சட்டென்று கீறல் விழும். எந்த வழியானாலும், உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

600, 1000, 2000 எண் உப்புத்தாள்களை நனைத்துத் தேய்த்து மெருகேற்றினால் கீறல் போகும், முகம் பார்க்கலாம். ஆனால் கீறல் தானாக மறைவதில்லை. அதன் ஆழம்வரை சுற்றியுள்ள உலோகத்தையே சீவி எடுக்கிறோம். விளிம்புகள் மழுங்கும். திருகைச் சுற்றிப் பள்ளம் விழும். செதுக்கு வேலை இருந்தால் கோடுகள் வெளிறும். நூறாண்டு தாண்டிப் படிந்த பழுப்பும் போய்விடும். சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

மெழுகு வழியில் மென்மையான சோப்புநீரில் பிழிந்த பருத்தித் துணியால் அழுக்கை மட்டும் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ரினைசன்ஸ் மெழுகை மெலிதாகப் பூச வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான மெழுகு அது. கீறல் இருக்கும், கண்ணை உறுத்தாது. அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். இடுக்கில் தங்கி உலோகத்தை அரிக்கும்.

அசல் துப்பாக்கிக்கு மெழுகைத்தான் சொல்வேன். இத்தாலியின் ஊபெர்ட்டி செய்யும் புது நகல் என்றால் தாராளமாகத் தேய்க்கலாம்.