கசாண்ட்ராவில் நோடை நீக்க: டீகமிஷனா, ரிமூவ்நோடா, அசாசினேட்டா?

கசாண்ட்ரா என்பது டேட்டாவைப் பல மெஷின்களில் (நோடு) பிரித்து, நகலெடுத்து வைக்கும் டேட்டாபேஸ். ஆறு நோடு ஓடும் ஒரு கசாண்ட்ரா கிளஸ்டருக்கு இனி நாலே போதும் என்று முடிவாகிவிட்டது. உடனே பலரும் செய்வது, ரெண்டு மெஷினை நிறுத்திவிட்டு, கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூலில் ‘நோட்டூல் ரிமூவ்நோட்’ என்று கமாண்ட் அடிப்பது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உயிரோடு இருக்கும் நோடுக்கு டீகமிஷன் மட்டும்தான் சரி.

டேட்டா எங்கிருந்து நகலாகிறது என்பதுதான் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். டீகமிஷனை வெளியேறும் நோடிலேயே ஓட்டுகிறோம். அது தன் கையில் இருப்பதைப் புதிதாகப் பொறுப்பேற்கும் நோடுகளுக்குத் தானே அனுப்பிவிட்டுப் போகிறது. ரிமூவ்நோடை வேறொரு நோடில் இருந்து, போன நோடின் ஹோஸ்ட் ஐடியைக் கொடுத்து ஓட்டுகிறோம். அப்போது மிச்சமிருக்கும் ரெப்ளிகாக்களிடம் (அதே டேட்டாவின் நகல் உள்ள நோடுகள்) இருந்துதான் டேட்டா வரும். கன்சிஸ்டன்சி லெவல் ‘ஒன்’ (ஒரு நோடு ஏற்றுக்கொண்டாலே போதும்) வைத்து எழுதி, ஏதோ காரணத்தால் அந்த ஒரே நோடில் மட்டும் தங்கிவிட்ட ரெகார்டு இருந்தால் அது போனதுதான். ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 1, அதாவது ஒரே பிரதி மட்டும் உள்ள கீஸ்பேஸ் (டேபிள்களின் தொகுப்பு) என்றால் கேட்கவே வேண்டாம். நல்லவேளையாக, உயிரோடு இருக்கும் நோடின் ஐடியைக் கொடுத்தால் கசாண்ட்ராவே மறுத்து, டீகமிஷனைப் பயன்படுத்தச் சொல்லும். மெஷினை முதலில் நிறுத்துகிறவர்கள் இந்தத் தடுப்பைத்தான் இழக்கிறார்கள்.

டீகமிஷனுக்குப் பொறுமை வேண்டும். ‘நோட்டூல் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் யூ.என். (இயங்குகிறது, வழக்கமான நிலை) என்றிருந்த நோடு யூ.எல். (இயங்குகிறது, வெளியேறுகிறது) ஆகும், ஸ்ட்ரீமிங் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை ‘நெட்ஸ்டாட்ஸ்’ காட்டும். ஒன்று முழுதாக முடிந்த பிறகே அடுத்த நோடைத் தொடுங்கள். ஆறு நாலானால் மீதி ஒவ்வொன்றிலும் டேட்டா ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். டேட்டா ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் காம்பாக்ஷனுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டுமே, அதனால் கணக்கை முன்னாடியே போட்டுவிடுங்கள்.

ரிமூவ்நோட் உண்மையிலேயே செத்துப்போன மெஷினுக்கு. டிஸ்க் போய்விட்டது, டி.என். (நின்றுவிட்டது) என்று காட்டுகிறது, திரும்ப வராது என்றால் அதுதான் வழி. முடிந்ததும், நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேர் ஓட்டிவிடுங்கள். அதே இடத்தில் புது மெஷின் வைக்கப்போகிறீர்கள் என்றால் ரிமூவ்நோடே வேண்டாம். புது நோடை ரீப்ளேஸ் அட்ரஸ் ஆப்ஷனோடு கிளப்பினால் டேட்டா ஒரே தடவைதான் நகரும்.

அசாசினேட் எந்த டேட்டாவையும் நகர்த்தாது. நோடுகள் தங்கள் நிலையைப் பகிர்ந்துகொள்ளும் காசிப்பில் இருந்து ஒரு ஐ.பி.யை அழிக்கும், அவ்வளவுதான். ரிமூவ்நோடும் தோற்று, பேய் மாதிரி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் இதை எடுங்கள். அப்புறம் மீதி எல்லா நோடிலும் முழு ரிப்பேர் கட்டாயம்.

எந்த வழியில் போனாலும், போன நோடின் ஐ.பி. மற்ற நோடுகளின் யாமல் ஃபைலில் சீட்ஸ் (நோடு கிளம்பும்போது முதலில் தொடர்புகொள்ளும் நோடுகள்) பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்ளிகேஷன் முதலில் இணையும் முகவரியான காண்டாக்ட் பாயிண்டிலும் பாருங்கள். டீகமிஷன் ஆன மெஷினின் டிஸ்க்கில் பழைய டேட்டா அப்படியே கிடக்கும். அதை மறுபடி சேர்ப்பதானால் டேட்டா டைரக்டரியைக் காலி செய்த பிறகே கிளப்புங்கள்.