ஏழு சுரமா, பன்னிரண்டு சுரமா: ஐரோப்பியச் செவ்வியல் இசை ஆதார சுரத்தை நிறுவும் இரு வழிகள்

பியானோவின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் சி-யிலிருந்து அடுத்த சி வரை வாசித்தால் சி மேஜர் ஸ்கேல் கிடைக்கும். அது நம் சங்கராபரணத்தின் சுரவரிசைதான். நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளையும் விடாமல் வாசித்தால் அரைச்சுர இடைவெளியில் பன்னிரண்டு சுரங்கள் வரும். ஏழுக்குள் நின்று எழுதுவது டயட்டானிக் முறை. பன்னிரண்டையும் தாராளமாக எடுத்தாள்வது க்ரோமாட்டிக் முறை. முன்னதை எளிமை என்றும் பின்னதைச் சிக்கல் என்றும் பிரிப்பது வழக்கமென்றாலும், இசை எந்தச் சுரத்தில் நிலைகொள்ள வேண்டும் என்பதைச் செவிக்கு உணர்த்தும் விதத்தில்தான் இரண்டும் உண்மையில் வேறுபடுகின்றன.

டயட்டானிக் முறையின் வலிமை அதன் சீரற்ற இடைவெளிகளில் இருக்கிறது. சி மேஜரில் அரைச்சுர இடைவெளி இரண்டே இடங்களில் வருகிறது: இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் மேல் சி-க்கும் நடுவிலும். ஜி-யை அடிச்சுரமாகக் கொண்ட டாமினன்ட் செவன்த் கார்டில் (ஜி, பி, டி, எஃப் நான்கும் ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டில்) பி-யும் எஃப்-பும் ஒன்றாக ஒலிக்கும்போது, பி மேலேறி சி-யில் சேரவும் எஃப் இறங்கி இ-யில் சேரவும் தவிக்கின்றன. ஏழு சுரங்களுக்குள் இப்படி முரண்டும் ஜோடி இது ஒன்றே என்பதால், அந்த ஒரு கார்டே ஆதார சுரம் எது என்று காட்டிவிடுகிறது.

இதன் பலனை பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) தெளிவாகக் கேட்கலாம். இறுதிப் பகுதியின் புகழ்பெற்ற மெட்டை முதலில் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் துணைக் கருவி ஏதுமின்றி வாசிக்கின்றன. டி மேஜரின் முதல் ஐந்து சுரங்களையும், கீழே தொட்டு மீளும் ஓர் ஏ-யையும் தவிர அதில் வேறு சுரமே இல்லை. ஆயினும் ஆதார சுரம் எது என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. இசை பயிலாதவரும் ஒருமுறை கேட்டதும் பாடிவிடுகிறார். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் இயல்பாகப் பொருந்தி நிற்பதற்கும், அவற்றுக்கு மூலமான ஐரோப்பிய மெட்டுகளின் இத்தன்மையே காரணம்.

ஆனால் முற்றிலும் ஏழு சுரங்களுக்குள் அடைபட்ட இசையால் நெடுந்தூரம் செல்ல இயலாது. மொட்சார்ட்டின் எளிய சி மேஜர் சொனாட்டாகூட (கே. 545) ஜி மேஜருக்கு நகர வேண்டுமானால் எஃப் ஷார்ப்பை, அதாவது எஃப்-க்கு அரைச்சுரம் மேலுள்ள கறுப்புக் கட்டையை, அழைத்தாக வேண்டும்.

க்ரோமாட்டிக் முறை இந்தத் தளையை அவிழ்க்கிறது. எந்தச் சுரத்துக்கும் மேலும் கீழும் ஓர் அரைச்சுரம் காத்திருப்பதால், எதை வேண்டுமானாலும் எதை நோக்கியும் சாய வைக்கலாம். இச்சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. அரிதாக இருந்ததால் வழிகாட்டிய அரைச்சுரம் எங்கும் நிறைந்துவிடும்போது, எந்த ஒன்றும் தனியே ஆதாரத்தைச் சுட்டுவதில்லை.

1865-இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் இசோல்டே' என்ற இசை நாடகம் இதை எல்லைவரை கொண்டுபோய்ச் சோதித்தது. முன்னிசையில் செல்லோ ஏ-யிலிருந்து எஃப்-க்குத் தாவி, இ வழியாக டி ஷார்ப்புக்கு இறங்கும்போது, எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப் சேர்ந்த அந்தப் பெயர்பெற்ற கார்டு ஒலிக்கிறது. ஓபோ அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற, கார்டு இ டாமினன்ட் செவன்த்தில் வந்து நிற்கிறது. அடுத்து ஏ-யில் நிலைகொள்ளும் ஏ மைனர் வரும் என்று செவி ஏங்குகிறது, வருவதோ மௌனம். சற்றுப் பின்னர் அதே டாமினன்ட் திரும்பி வந்து எஃப் மேஜரில் இறங்கி நம்மை மறுபடியும் காக்க வைக்கிறது. பல மணி நேரம் தள்ளிப்போடப்பட்ட நிறைவு, மூன்றாம் அங்கத்தின் கடைசியில், பி மேஜரில்தான் கிட்டுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஏக்கத்தை உண்டாக்குவதே டயட்டானிக் பழக்கம் என்பதுதான். டாமினன்ட் எங்கே செல்லும் என்று அறியாத செவிக்கு, அது செல்லாமல் நிற்பதில் தவிப்பு ஏதும் இராது.

பன்னிரு சுரங்களை வாக்னரின் கண்டுபிடிப்பாகக் கருதுவதும் பிழை. 1722-ஆம் ஆண்டின் 'வெல்-டெம்பர்டு க்ளாவியர்' தொகுப்பில் பாக் எழுதிய பி மைனர் ஃப்யூகின் (ஒரே கருமெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து ஏந்தும் வடிவம்) கருவிலேயே பன்னிரண்டும் வந்துவிடுகின்றன. ஆனால் அக்கரு பி மைனரில் தொடங்கி எஃப் ஷார்ப் மைனருக்குத் தடுமாறாமல் சென்று சேர்கிறது.

இரு முறைகளும் மிக அழகாக இணைந்த இடம் எதுவென்று கேட்டால், வாக்னரைவிட ஷோபெனின் இ மைனர் பிரெலூடையே (சிறு பியானோ உருப்படி; ஓபஸ் 28, எண் 4) நான் சொல்வேன். வலக்கை மெட்டு பெரும்பாலும் ஓரிரு சுரங்களிலேயே தயங்கி நிற்கிறது. இடக்கைக் கார்டுகள் ஒவ்வொரு விரலாக அரைச்சுரம் இறங்கிக்கொண்டே போகின்றன. நடுவே எங்கிருக்கிறோம் என்பதே மங்கிவிடுகிறது. தொடக்கத்தில் ஜி-யின் மீது நின்ற இ மைனர் கார்டு, தன் அடிச்சுரத்தின் மீது ஊன்றி 25-ஆம் பாரில் (தாளப் பகுப்பில்) முடிவாக அமரும்போது, வந்து சேர்ந்த உணர்வு நெஞ்சை அடைக்கிறது. டிரிஸ்டான் மணிக்கணக்கில் செய்வதை இது ஒரே பக்கத்தில் செய்துவிடுகிறது.

பன்னிரு சுரங்களும் ஆதாரத்தை விட்டு முழுமையாக விலகினால் என்னவாகும் என்பதை ஷோன்பெர்க் 1908-இல் முயன்று பார்த்தார். எஃப் ஷார்ப் மைனரில் தொடங்கும் அவருடைய இரண்டாம் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டின் (நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்பின்) நான்காம் பகுதிக்கு, எந்த ஸ்கேல் என்று ஏட்டில் காட்டும் குறியீடே கிடையாது. சுரங்கள் பிடிமானமின்றி மிதக்கின்றன. அந்தப் பகுதியும் கடைசியில் எஃப் ஷார்ப் மேஜர் கார்டில் வந்துதான் முடிகிறது.